கம்பெனி வாத்தியார்

சில வருஷங்களுக்கு முன்னால், மேலூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் பங்குனித் திருவிழா பார்க்கப் போயிருந்தேன். அன்று இரவு 'வள்ளி திருமணம்' நாடகம். கோவில் பொட்டலில் மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடத்து அறை ஒன்று நடிகர்களுக்கு வேஷம் கட்டும் இடமாக மாறியிருந்தது. கதை எழுதுகிறவன் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம் என்று ஒரு துணிச்சல் எனக்கு உண்டு. அந்தத் துணிச்சலில் உள்ளே தலையை நீட்டினேன்.

முருகன் மதுரையிலிருந்து வந்திருந்தார். நாரதர் திண்டுக்கல்காரர். வள்ளி, புதுக்கோட்டையிலிருந்து கடைசி பஸ்ஸில், கையில் ஒரு தகரப் பெட்டியோடு அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். மூவரும் சேர்ந்து நடிப்பது அன்றைக்குத்தான் முதல் தடவை என்று பேச்சிலிருந்து தெரிந்தது. வள்ளி பெட்டியைத் திறந்துகொண்டே, "அண்ணே, உங்களுக்கு எத்தனை கட்டைங்க?" என்று கேட்டாள். "அஞ்சரைம்மா" என்றார் முருகன், கன்னத்தில் ரோஸ் பவுடரை அப்பிக்கொண்டே. "அப்பச் சரி" என்றாள் அவள். அவ்வளவுதான். வேறு ஒரு பேச்சும் இல்லை.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை நடக்க வேண்டிய நாடகம்! ஓரமாக உட்கார்ந்து ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஒத்திகை எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒத்திகை எதுக்குங்க? சாமி எழுதி வச்சுட்டுப் போயிருக்காரு. அவுக அவுக பாடம் பண்ணி வந்திருக்காக. மேடையிலே சந்திச்சுக்கிட வேண்டியதுதானே?" என்றார்.

ஆர்மோனியப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒரு சிறிய படம் ஒட்டியிருந்தது. பெரியவர் அதற்கு முன்னால் ஒரு கட்டி கற்பூரத்தை ஏற்றிக் கும்பிட்டார். படத்தில் இருந்தது பிள்ளையார் இல்லை, முருகனும் இல்லை. அது ஒரு நாடக ஆசிரியரின் படம்.

எனக்குச் சுரீர் என்றது. நானும் பல வருஷங்களாகக் கதை எழுதுகிறேன். எழுதியவனுக்குக் கற்பூரம் கொளுத்துகிற வாசகர் யாரையும் நான் சந்தித்தது கிடையாது. யார் இந்த மனிதர், எப்படி இந்த நிலையை அடைந்தார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அந்த இரவுக்குப் பிறகுதான்.

அவர் பெயர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டி என்ற ஊரில் 1867-ம் வருஷம் செப்டம்பர் 7-ந் தேதி பிறந்தவர். தகப்பனார் தாமோதரக் கணக்கப்பிள்ளை நல்ல தமிழ் படித்தவர். பிள்ளைக்கு முதல் ஆசானும் அவரே. பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் முறையாகத் தமிழ் இலக்கணமும் யாப்பும் கற்றுக்கொண்டார் சங்கரதாஸ். வெண்பாவும் கலித்துறையும் சரளமாகக் கட்டத் தெரிந்த அந்த இளைஞருக்குக் கிடைத்த உத்தியோகம் என்ன தெரியுமா? தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையில் கணக்குப் பிள்ளை வேலை! தமிழ்ப் புலவர்களுக்கும் உப்புக்கும் புளிக்கும் உள்ள சம்பந்தம் பழையதுதானே. ஆனால் இவர் உப்பு மூட்டைகளை எண்ணிக்கொண்டே காலத்தைக் கழித்துவிடவில்லை. 1891-ல், தமது 24-வது வயதில், வேலையை விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார்.

அதே 1891-ல்தான் சென்னைப் பட்டணத்தில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஒரே வருஷத்தில் இரண்டு கதவுகள் திறந்தன. ஆனால் இரண்டும் வெவ்வேறு வீடுகளின் கதவுகள். முதலியார் வக்கீலுக்குப் படித்தவர். பின்னால் நீதிபதியாகவும் இருந்தவர். அவருடைய சபையில் நடித்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள். பகலில் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போய்விட்டு மாலையில் கலைக்காக நடித்தார்கள். நாடகம் தோற்றால் அவர்களுக்கு வருத்தம் உண்டு, பட்டினி கிடையாது. சங்கரதாஸ் நுழைந்த வீடு வேறு. அங்கே இன்று இரவு வசூலாகவில்லை என்றால் நாளைக் காலை அடுப்பு எரியாது. நாடகக்காரன் என்றால் வாடகைக்கு வீடு கொடுக்க யோசிக்கிற ஊர்களில், அந்த ஊர்க்காரர்களின் காசை நம்பியே பிழைக்க வேண்டும்.

அந்தக் காலத்து நாடகக் கம்பெனி எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இவருடைய எழுத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

கம்பெனிக்கு ஒரு முதலாளி. அவர் திரைச் சீலைகள், உடுப்புகள், விளக்குகள், நடிகர்கள், சமையற்காரர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஓர் ஊரில் கொட்டகை போட்டால் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் முகாம். தரை, பெஞ்சு, நாற்காலி என்று டிக்கட்டுகள். பார்க்க வருகிறவர்கள் அதே ஊர்க்காரர்கள்தான். ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் அவர்கள் எத்தனை தடவை காசு கொடுப்பார்கள்? ஆகவே நாடகங்கள் நிறைய வேண்டும், சீக்கிரம் வேண்டும். மைக் கிடையாது. கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் விழுகிறாற்போல் பாட வேண்டும். தரையில் இருப்பவனுக்குக் கதை வேண்டும், சிரிப்பு வேண்டும். நாற்காலியில் சாய்ந்திருக்கும் மிராசுதாருக்கும் மிட்டாதாருக்கும் ராகம் வேண்டும், தமிழ் வேண்டும். இவர்கள் எல்லாரையும் விடியும்வரை கலையாமல் உட்கார்த்தி வைக்க வேண்டும்.

இதில் எழுதுகிறவருக்குப் பெயர் 'வாத்தியார்'. பெயர் கௌரவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பதவியில் எழுதுவது கால் பங்கு வேலை. பாட்டுக் கட்டுவது, வசனம் எழுதுவது, பாடம் சொல்லிக் கொடுப்பது, நடையும் நிற்கும் முறையும் கற்பிப்பது, நடிகன் வராத நாளில் தாமே வேஷம் போட்டுக்கொள்வது, இத்தனையும் வாத்தியார் தலையில் விழும்.

சங்கரதாஸ் வந்த சமயத்தில் பல கம்பெனிகளில் பாட்டு மட்டுந்தான் எழுதப்பட்டிருந்தது. நடுவில் வரும் வசனத்தை அவரவர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ராஜபார்ட்டுக்காரனுக்கு உற்சாகம் வந்தால் அரிச்சந்திரன் அரைமணி நேரம் பேசுவான்; முதலாளியோடு சண்டை என்றால் இரண்டே வார்த்தையில் சுடுகாட்டுக்குப் போய்விடுவான். இந்தக் காட்டைத் திருத்திக் கழனியாக்க வந்தவர் சங்கரதாஸ். பாட்டுக்கும் வசனத்துக்கும் வரம்பு கட்டி, தொடக்கம் முதல் மங்களம்வரை முழுப் பிரதியாக எழுதிக் கொடுத்தார்.

ஆரம்பத்தில் அவரும் நடிகர்தான். சூத்திரதாராக வருவார், இரணியன், இராவணன், எமதர்மன், சனீஸ்வரன் போன்ற பயங்கர வேஷங்களில் பேர் வாங்கியவர். அவர் நடிப்பை விட்டதற்கு ஒரு கதை சொல்லுவார்கள். நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரன் வேஷம் போட்ட ஓர் இரவு. நாடகம் முடிந்து, பூச்சைக் கலைப்பதற்காக விடியற்காலை இருட்டில் அப்படியே நீர்க்கரைக்குப் போயிருக்கிறார். துணி வெளுக்க வந்த கர்ப்பிணி ஒருத்தி அந்தக் கோலத்தைக் கண்டு அலறி விழுந்துவிட்டாளாம். இன்னொரு முறை, சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாக வந்து போட்ட கூச்சலில் சபையில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பம் கலைந்துவிட்டதாம். அதோடு இனி வேஷம் கட்டுவதில்லை என்று தீர்மானித்தார் என்பது கதை.

இது அப்படியே நடந்ததா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. எமனாக நின்று பெண்களை நடுங்க அடித்த மனிதர் அல்லவா பின்னால் உட்கார்ந்து 'சத்தியவான் சாவித்திரி' எழுதினார்? அந்த நாடகத்தின் உயிர்நிலை, ஒரு பெண் எமனை வழிமறித்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டு அவன் வாயை அடைக்கும் இடம். அந்தக் கேள்விகளை எழுதியவருக்கு எமனுடைய குரல் எப்படி இருக்கும் என்பது உள்ளிருந்தே தெரியும். அந்தக் குரலைத் தோற்கடிப்பதற்கு ஒரு பெண்ணிடம் எப்படிப்பட்ட சொற்கள் இருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

நடிப்பை விட்டபின் மனம் துறவில் திரும்பியது. முருகன் தலங்களுக்கு யாத்திரை போனார். 'சுவாமிகள்' என்ற பெயர் நிலைத்தது அப்போதுதான். யாத்திரையின் நடுவில் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் அவரைத் தம் மகனைப் போலவே வைத்துக்கொண்டார். தாள நுட்பங்கள் சுவாமிகளுக்கு வசப்பட்டது அந்த வீட்டில்தான். தண்டபாணி சுவாமிகளிடம் கற்ற யாப்பும், மான்பூண்டியா பிள்ளையிடம் கற்ற லயமும் ஒன்றாகச் சேர்ந்தபோது நாடக மேடைக்கு ஒரு புது மொழி கிடைத்தது. பிறகு மறுபடியும் கம்பெனிகள் அவரை இழுத்துக்கொண்டன. வள்ளி வைத்தியநாதய்யர், அல்லி பரமேசுவரய்யர் என்று நாடகத்தின் பெயரே நடிகர்களுக்கு அடைமொழியாகிவிட்ட காலம் அது. அவர்களுடைய குழுக்களிலும் வேறு பல இடங்களிலும் வாத்தியாராக இருந்தார்.

அவர் எழுதிய நாடகங்கள் 68 என்று சொல்லுவது வழக்கம். பவளக்கொடி, அல்லி அர்ச்சுனா, கோவலன், சுலோசனா சதி, சதி அனுசூயா, லவகுசா, பிரகலாதன், நல்லதங்காள் என்று நீளும் பட்டியல். ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலிய'ட்டும் 'சிம்பலி'னும்கூட அவர் கையில் தமிழ் மேடைக்கு வந்திருக்கின்றன. இவ்வளவில் முழுப் பிரதியாக நமக்குக் கிடைத்திருப்பது ஒரு பகுதிதான்.

இந்த நாடகங்களை இன்று புத்தகமாகப் படிக்கிறவர்களுக்கு முதலில் அலுப்புத் தட்டும். எனக்கும் தட்டியது; ஒளிக்கவில்லை. எடுத்ததற்கெல்லாம் பாட்டு. சொன்னதையே வசனத்தில் சொல்லி, பிறகு விருத்தத்தில் சொல்லி, மறுபடி கீர்த்தனையிலும் சொல்லுகிறார். 'இவ்வளவு தமிழ் தெரிந்தவர் கொஞ்சம் சுருக்கியிருக்கக் கூடாதா?' என்றுதான் நானும் நினைத்தேன். கிராமத்துப் பொட்டலில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. பந்தலில் குழந்தை அழும், கடலை விற்கிறவன் குறுக்கே போவான், தூங்கினவன் நடுவில் விழித்து, "என்னப்பா, வள்ளி சம்மதிச்சுட்டாளா?" என்று பக்கத்துக்காரனைக் கேட்பான். மூன்று தடவை சொன்னால்தான் எல்லாருக்கும் ஒரு தடவை போய்ச் சேரும். புத்தகத்தில் பிழையாகத் தெரிவது கொட்டகையில் தர்மமாகத் தெரிகிறது.

அதே பாட்டுக்குள் அவர் வேறொரு வேலையும் செய்திருக்கிறார். திருக்குறளையும் நீதி நூல்களையும் தர்க்கத்தோடு தர்க்கமாக இழைத்துவிடுகிறார். மெட்டு ஜனங்களுக்குப் பழகின மெட்டு; பார்ஸிக் கம்பெனிகள் கொண்டுவந்து பரப்பிய இந்துஸ்தானி மெட்டாகக்கூட இருக்கும். அதற்குள் இருக்கும் சொல் செந்தமிழ். எழுதப் படிக்கத் தெரியாத கிழவி ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து, வள்ளியும் நாரதரும் வாதாடும் இடத்தில், அடுத்து வரப் போகும் அடியை மேடைக்கு முந்தியே சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் எங்கள் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் தமிழ்ச் செய்யுள் பாடம் நடக்கும்போது நாங்கள் பாதிப்பேர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். அவருடைய கதாநாயகிகளில் பெரும்பாலோர் பதிவிரதைகள். புருஷனுக்காக அழுவதும், அவனுக்காக வாதாடுவதும், அவனோடு உயிரை விடுவதுமாகவே அவர்கள் காலம் போகிறது. ஆண்களை அண்டவிடாத அல்லி ராணியும் கடைசியில் அர்ச்சுனனுக்குத்தான் மாலையிட வேண்டியிருக்கிறது. தம் கண் முன்னால் நடந்த வாழ்க்கையை அவர் மேடையில் ஏற்றவில்லை. துணி வெளுக்க வந்த அந்த ஏழைப் பெண், கதையாக அவரைத் தொடர்ந்து வந்தாளே ஒழிய, அவருடைய நாடகத்தில் பாத்திரமாக இடம்பெறவில்லை. அதற்கு அவர் மனம் காரணமா, கொட்டகையின் வசூல் காரணமா? இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். ஜனங்களுக்குத் தெரிந்த கதைக்குத்தான் ஜனங்கள் காசு கொடுத்தார்கள்.

பெரிய நடிகர்களோடு மாரடித்து மாரடித்துச் சுவாமிகளுக்குச் சலித்துப் போயிற்று. பாடம் கேட்க மாட்டார்கள், குடித்துவிட்டு வருவார்கள், பேர் வந்தவுடன் வேறு கம்பெனிக்குத் தாவிவிடுவார்கள். ஆகவே சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தலாம் என்று தீர்மானித்தார். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பிற்காலத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் பிள்ளைகளாக வந்து சேர்ந்தது இந்த மதுரைச் சபையில்தான். அவர்களில் சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது.

அந்தச் சண்முகம் பிற்காலத்தில் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை'யில் ஒரு சம்பவம் வருகிறது. சுவாமிகள் இந்தப் பையனுக்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுத உட்கார்ந்தார். ஓர் இரவில் ஆரம்பித்தார், விடிவதற்குள் முடித்துவிட்டார். நாலு மணி நேரம் நடக்கக்கூடிய நாடகம். பாட்டும் வசனமும் எல்லாம் அந்த ஓர் இரவில். அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிப் பழகின எனக்கு இதைப் படித்ததும் முதலில் பொறாமைதான் வந்தது. அச்சாபீஸ் பையன் வாசலில் நிற்க, உள்ளே ஒரு அத்தியாயத்தை எழுதி முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த நாடகம் ஓர் இரவில் எழுதப்படவில்லை. உப்புப் பண்டகசாலையை விட்ட நாள் முதல் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக, எந்த இடத்தில் சபை கண்ணைக் கசக்கும், எந்த இடத்தில் கொட்டாவி விடும் என்று திரைமறைவில் நின்று பார்த்த மனிதர் அவர். அத்தனை இரவுகளையும் அந்த ஓர் இரவில் கொட்டிவிட்டார். காசுக்காக அவசரத்தில் எழுதுவது மட்டம் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. அவசரமும் ஒருவகை குருகுலந்தான். ஆனால் அந்தக் குருவுக்குத் தட்சிணை மிக அதிகம்.

அந்தத் தட்சிணையைச் சுவாமிகள் மட்டும் கொடுக்கவில்லை. பையன்களும் கொடுத்தார்கள். பால சபைகளைப் பற்றிப் பேசும்போது, 'அங்கே என்ன ஒழுங்கு, என்ன பயிற்சி!' என்று புகழ்வது நம் வழக்கம். புகழ வேண்டியதுதான். எஸ். ஜி. கிட்டப்பாவின் சாரீரம் சிறுவயதில் சுவாமிகளின் சபையில் பதம் பெற்றது. டி. கே. எஸ். சகோதரர்கள் அரை நூற்றாண்டுத் தமிழ் மேடைக்குத் தூணாக நின்றார்கள். இதே வழியில் நடந்த வேறு பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து எம். ஜி. ஆரும் சிவாஜி கணேசனும் வந்தார்கள்.

ஆனால் பெயர் தெரிந்தவர்களைத்தான் நமக்குத் தெரியும். ஆறு வயதுப் பையனைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோவார்கள். சம்பளத்தைத் தகப்பன் வாங்கிக்கொள்வான். இரவு முழுவதும் நாடகம். பகலில் பாடம், ஒத்திகை. பள்ளிக்கூடம் என்பது கம்பெனிதான். பதினான்கு, பதினைந்து வயதில் 'மகரக்கட்டு' வரும். அதாவது, குரல் உடையும். நேற்றுவரை பவளக்கொடியாகவும் சாவித்திரியாகவும் நின்று ஆயிரம் பேரை அழவைத்த பையன், இன்று வாயைத் திறந்தால் தவளை கத்துகிறது. மறுபடி நல்ல குரல் கூடியவனுக்குப் பிழைப்பு உண்டு. கூடாதவன் திரை இழுக்கப் போவான், அல்லது ஊருக்குப் போவான். படிப்பும் இல்லை, தொழிலும் இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வேறொருவர் எழுதிய ஆயிரம் பாட்டுகள்.

சுவாமிகள் பிள்ளைகளிடம் கண்டிப்பாக இருந்தார், பாசமாகவும் இருந்தார். அவரிடம் படித்தவர்கள் கடைசிவரை அவரைத் தெய்வமாகவே கொண்டாடினார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தாலும், தமிழ் நாடகத்தின் பெருமையைக் கணக்கெடுக்கும்போது அந்த உடைந்த குரல்களையும் ஒரு பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். உப்புப் பண்டகசாலைக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியாததல்ல, வரவு இருந்தால் பற்றும் இருக்கும் என்பது.

அவருடைய சொந்தக் கணக்கு எப்படி இருந்தது? பாட்டுப் புத்தகங்கள் காலணா, அரையணாவுக்குச் சந்தை சந்தையாக விற்றன. மலிவு அச்சுக்கூடங்கள் யாரைக் கேட்டு அச்சடித்தன? 1914-ல் இந்தியாவில் காப்புரிமைச் சட்டம் வந்ததென்னவோ உண்மை. ஆனால் சட்டம் கொட்டகைக்குள் டிக்கட் வாங்கிக்கொண்டு வரவில்லை. ஒரு கம்பெனியில் பாடம் பண்ணிய நடிகன் அடுத்த கம்பெனிக்குப் போகும்போது நாடகமும் அவன் நாக்கில் ஏறிக்கொண்டு போய்விடும். பின்னால் கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் வள்ளி திருமணத்தில் ஜோடியாக நின்றபோது கொட்டகை கொள்ளாத கூட்டம். 1935-ல் 'நந்தனார்' படத்தில் நடிக்கச் சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். எம். கே. தியாகராஜ பாகவதர் மேடையில் பாடிப் புகழ்பெற்ற பவளக்கொடி 1934-ல் படமாகவே வந்துவிட்டது. பாடியவர்களுக்குக் கிடைத்ததைக் குறை சொல்லவில்லை. அது அவர்கள் தொண்டைக்கு உரிய கூலி. அந்தத் தொண்டைகள் எந்தச் சொல்லின்மேல் ஏறி நின்றன என்பதைத்தான் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை விழுந்தது, கால் விழுந்தது, பேச்சும் போய்விட்டது. எழுதும் கையும் பாடம் சொல்லும் வாயும் ஒரே அடியில் போய்விட்டன. ஓராண்டுக்கு மேல் அப்படியே இருந்தார். அந்த ஓராண்டில் தமிழ்நாட்டில் எத்தனை கொட்டகைகளில், எத்தனை இரவுகளில், எத்தனை பேர் அவருடைய வசனத்தைப் பேசியிருப்பார்கள்! அவர் ஒருவரைத் தவிர எல்லாரும் பேசினார்கள். 1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் காலமானார். வயது 55. கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

அவர் போன பிறகு கம்பெனிகளின் ருசி மாறத் தொடங்கியது. அவர் வளர்த்த அதே டி. கே. எஸ். சகோதரர்கள், கந்தசாமி முதலியாரிடம் பயின்று, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலான 'மேனகா'வை மேடையேற்றினார்கள். புராண ராணிகள் இருந்த இடத்தில் அக்கிரகாரத்து மருமகள் வந்து நின்றாள். பிறகு சினிமா வந்து கம்பெனிகளையே விழுங்கிற்று. ஆனால் கிராமத்துத் திருவிழா நாடகத்தை மட்டும் அதனால் முழுவதும் விழுங்க முடியவில்லை. காரணம், நான் பார்த்த அந்த இரவில் இருக்கிறது. கொட்டகையும் முதலாளியும் போன பிறகும், தனித்தனியாகச் சிதறிப் போன நடிகர்கள் ஓர் இரவுக்கு ஒன்றுகூடி நாடகம் நடத்த முடிந்தது. எல்லாரும் ஒரே வாத்தியாரின் பாடத்தை வைத்திருந்ததுதான் அவர்களுக்கு முதல். 'ஸ்பெஷல் நாடகம்' என்று இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளில் நடப்பது அதுதான்.

கௌரவங்களுக்குக் குறைவில்லை. மதுரையில் சிலை வைத்திருக்கிறார்கள். சென்னை நடிகர் சங்கத்தில் அவர் பெயரால் அரங்கம் இருந்தது. 2019-ல் அந்தச் சங்கத்துத் தேர்தலில் ஒரு கட்சியார் தங்கள் அணிக்கே அவர் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். சம்பந்த முதலியாருக்கு 1959-ல் பத்மபூஷண் கிடைத்தது. அதைப் பெறுகிற வரைக்கும் அவர் இருந்தார். கொட்டகைக்கு எழுதியவருக்கு அந்த ஆயுசும் இல்லை, அந்தக் காலமும் இல்லை.

அன்று கிராமத்தில் வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் ஆகி மங்களம் பாடி முடிக்கும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. பள்ளிக்கூடத்து அறையில் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுகளை எண்ணி எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முருகன் கிரீடத்தைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார். வள்ளி வாங்கி இரண்டு தரம் எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்தாள். ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம். நாரதர், பபூன், மிருதங்கக்காரர் எல்லாரும் வரிசையாக வாங்கினார்கள்.

ஆர்மோனியப் பெரியவர் தம் பங்கை மடியில் செருகிக்கொண்டு பெட்டியை மூடப் போனார். மூடியில் இருந்த படத்தைப் பார்த்து நான் சும்மா இருக்க மாட்டாமல், "எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. எழுதின வாத்தியாருக்கு?" என்று கேட்டேன்.

பெரியவர் நான் ஏதோ தெரியாமல் கேட்டுவிட்டதுபோல் பரிவோடு பார்த்தார்.

"அவருக்குத்தான் ராத்திரியே கற்பூரம் கொளுத்தியாச்சுங்களே!" என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.